பதினாலாவது கேள்வி

கதை சொல்றேன்னு சொன்னதும் ஏன்டா எல்லாரும் ஊசி போட வந்த நர்ஸைப் பாக்குற மாதிரி பாக்குறீங்க? உக்காருங்கடா. இதையாவது முழுசாக் கேளுங்க. நீங்க எதைத்தான் முழுசா முடிச்சிருக்கீங்க? காலேஜையா, ஜிம்மையா? சிரிக்காத மாப்ள, நானும் அதே லிஸ்ட்டுதான்.

இது குரு சிஷ்யன் கதை. குருன்னதும் தாடியைத் தேடாதீங்க. என் குரு பல்கீஸ் அக்கா. வயசு முப்பத்தி நாலு. திண்டுக்கல் பேகம்பூர்ல கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்காங்க. ஆதார் திருத்தம், வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, எதுவா இருந்தாலும் அங்கதான் பொறக்கும். ஆசிரமத்துல மொத்தம் ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஏசி.

சிஷ்யன் நான். பேரு அருமைராஜ். பேர்ல இருந்த அருமை மார்க்குல இல்ல. பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷத்துல வெளிய வந்துட்டேன். ஞானத்தைத் தேடி அக்காகிட்டப் போகல. ஏசியைத் தேடிப் போனேன்.

"சும்மா உக்காராத. டைப் அடி"ன்னாங்க.

அடிச்சேன்.

அப்பத்தான் அரசாங்கத்துல ஒரு உதவித்தொகை வந்துச்சு. இந்த மாநிலத்துல குடியிருக்கணும், படிப்பைப் பாதியில விட்டிருக்கணும். சான்றிதழ் படிப்போ டிப்ளமோவோ சேர்ந்தா ஃபீஸை அவங்களே கட்டிருவாங்க. கடையில கூட்டம் தாங்கல. டோக்கன் குடுக்க வேண்டியதாப் போச்சு.

நான் அக்காகிட்ட தினமும் ஒரு கேள்வி கேப்பேன்.

"அக்கா, விட்டது விட்டதுதானே. அப்புறம் எதுக்கு இந்த ஃபாரம்?"

"அடுத்த டோக்கனைக் கூப்பிடு"ம்பாங்க.

அவ்வளவுதான். குருன்னா அப்படித்தான் போலன்னு நானும் கூப்பிடுவேன்.

ஒரு செவ்வாக்கிழமை வேலுத்தாயக்கா வந்தாங்க. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில எட்டு வருஷமா கூட்டிப் பெருக்குற வேலை. வார்டைக் கூட்டிக்கிட்டே நர்ஸுங்க பி.பி. பாக்குறதைப் பாத்து, துடைப்பத்தை வெச்சிட்டு அந்த மெஷினை எடுக்கணும்னு ஒரு ஆசை. நோயாளிகளைப் பாத்துக்கிறதுக்கு ஒரு வருஷச் சான்றிதழ் படிப்பு இருக்கு. அதுல சீட்டும் கெடைச்சிருச்சு. இந்த உதவித்தொகை வந்தாத்தான் சேர முடியும். இல்லன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும்.

நான்தான் ஃபாரம் போட்டேன். பேரு, ஊரு, ரேஷன் கார்டு நம்பர் எல்லாம் சரியாப் போச்சு. பதினாலாவது கேள்வி வந்துச்சு. கடையே கேக்குற மாதிரி வாசிச்சேன்.

"இடைநின்றவரா? ஆம், இல்லை."

"அப்படின்னா என்ன தம்பி?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"பஸ்ஸுல சீட்டு கெடைக்காம நின்னுக்கிட்டே வந்தவங்கக்கா."

கடையில அத்தனை பேரும் சிரிச்சாங்க. காலேஜ் வயசுப் புள்ளைங்க நாலு பேரு நிறுத்தவே இல்ல. வேலுத்தாயக்காவும் முந்தானையை வாயில வெச்சுக்கிட்டாங்க. பாக்க சிரிப்பு மாதிரிதான் இருந்துச்சு. "சும்மாக்கா, படிப்பைப் பாதியில நிறுத்தினவங்களான்னு கேக்குறாங்க"ன்னேன். அவங்க குனிஞ்சு எனக்கு மட்டும் கேக்குற மாதிரி பதில் சொன்னாங்க. நான் ஒண்ணை அமுக்கி அனுப்பி வெச்சேன்.

பத்து நாள்ல விண்ணப்பம் திரும்பி வந்துருச்சு. 'பதினாலாவது கேள்விக்கு இல்லை எனக் குறிப்பிட்டுள்ளீர்கள். தகுதி இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் திருத்தலாம்.'

நாங்க அதைப் பாத்ததே வெள்ளிக்கிழமை காலையில பதினோரு மணிக்கு. திருத்தணும்னா ஓடிபி வேணும். ஓடிபி அவங்க போனுக்குத்தான் வரும். போன் சுவிட்ச் ஆஃப்.

அக்கா சேரைத் திருப்பி என்னைப் பாத்தாங்க.

"எப்படிடா இல்லைன்னு போச்சு?"

"சர்வர்க்கா. அன்னைக்கு ரொம்ப சுத்துச்சு."

"பாவம் சர்வர்"ன்னாங்க.

டோக்கன் வாங்கின பன்னெண்டு பேரையும் மூணு மணிக்கு மேல வரச் சொல்லிட்டு ஷட்டரை எறக்கினாங்க.

"வா."

"நான் எதுக்குக்கா?"

"கேள்வி கேட்டவன் நீதானே."

வேலுத்தாயக்கா ஊருக்குப் போற மினி பஸ்ஸுல ஏறினோம். ஊர் எல்லையில ரயில்வே கேட்டு போட்டாச்சு. கூட்ஸ் வண்டி. பெட்டியை எண்ண ஆரம்பிச்சா முடிக்கிறதுக்குள்ள கல்யாண வயசு தாண்டிரும். எனக்குத்தான் கால் ஒரு எடத்துல நிக்காதே. எறங்கிட்டேன். ஜன்னல் பக்கம் போயி,

"அக்கா, எறங்குங்க. நடந்தே போயிரலாம்"ன்னேன்.

"எவ்வளவு தூரம்?"

"நாலு கிலோமீட்டர்தான்."

"நீ நட."

"பஸ்ஸு நின்னுபோச்சுக்கா."

"நிக்குது."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"நீ சொன்னது வேற."

எனக்கு ஒண்ணும் வெளங்கல. வெளங்காதப்ப நான் எப்பவும் எதையாச்சும் திம்பேன். வெள்ளரிக்கா வாங்கப் போனேன். மொளகாப்பொடியைத் தூவிக்கிட்டு இருக்கும்போதே கேட்டைத் தூக்கிட்டான். பஸ்ஸு கெளம்பிருச்சு. கையில ரெண்டு வெள்ளரிக்காயோட நான் ஓடுன ஓட்டத்தைப் பாலிடெக்னிக்ல ஓடியிருந்தா இன்னேரம் சர்டிஃபிகேட் வந்திருக்கும். படியில தொத்திட்டேன்.

கண்டக்டர் வந்தாரு. "டிக்கெட்டு?"

"மொதல்லயே எடுத்துட்டேன்ல."

"எறங்கிப் போயிட்டியேப்பா."

"எறங்கினா டிக்கெட்டு செத்துப்போயிருமாண்ணே? செல்லும்ணே."

கண்டக்டர் தலையில அடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிச்சாங்க. எதுக்குன்னு கேட்டேன். பெரிய வெள்ளரிக்காயா பாத்து வாங்கிக்கிட்டாங்க.

வேலுத்தாயக்கா நைட் ட்யூட்டி முடிச்சு வந்து யூனிஃபார்ம் சேலையைக் கொடியில காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. எங்களைப் பாத்ததும் மூஞ்சி மாறிடுச்சு. இருந்தாலும் தண்ணி குடுத்தாங்க. அக்கா விஷயத்தைச் சொன்னாங்க.

"தெரியும் பல்கீஸு. மெசேஜ் வந்துச்சு. அதான் போனை அமத்தி வெச்சிட்டேன்."

"சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு."

"வேணாம். பதினொண்ணாப்போட நின்னு போச்சு, போனது போகட்டும். அன்னைக்குக் கடையில எப்படிச் சிரிச்சாங்க பாத்தல்ல? எல்லாம் என் மக வயசுப் புள்ளைங்க. கிளாஸுலயும் இந்த மாதிரிதான உக்காந்திருப்பாங்க? துடைப்பம் சிரிக்காது."

நான் தண்ணி டம்ளருக்குள்ள பாத்துக்கிட்டு இருந்தேன். அக்கா ஆறுதல் சொல்லுவாங்கன்னு பாத்தா, போன்ல ஃபாரத்தைத் தொறந்து எங்கிட்ட நீட்டினாங்க.

"கேளு."

"என்னத்தக்கா?"

"அன்னைக்குக் கேட்டதை."

அன்னைக்குக் கடையே கேக்குற மாதிரி வாசிச்சவன் நான். இன்னைக்குப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கே கேக்கல.

"இடைநின்றவரா?"

வேலுத்தாயக்கா என்னையே பாத்தாங்க.

"அதுக்கு ஒரு அர்த்தம் சொன்னியே தம்பி. பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தவங்கன்னு."

டேய், உங்களுக்கே தெரியும். எனக்கு எழவு வீட்டுல கூட ஜோக்கு வரும். அங்க ஒண்ணும் வரல.

"அது சும்மா சொன்னதுக்கா. தப்பு."

"தப்பில்ல"ன்னாங்க பல்கீஸ் அக்கா. "பய சரியாத்தான் சொல்லியிருக்கான் வேலுத்தாயி. பஸ்ஸுல நின்னவங்க. எறங்கினவங்க இல்ல."

கொடியில இருந்த சேலையில தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு. வேலுத்தாயக்கா உள்ள போனாங்க. போனை எடுத்துட்டு வந்து ஆன் பண்ணாங்க. ஓடிபி வந்துச்சு. 'ஆம்'னு இருக்கிற எடத்தை என்னை அமுக்க விடல. கையைச் சேலையில தொடச்சிட்டு அவங்களே அமுக்கினாங்க. மணி ஒண்ணே கால்.

இப்ப அவங்க கிளாஸுல சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு. சிரிச்ச நாலு புள்ளைங்கள்ல ரெண்டு அதே கிளாஸுதான், இவங்க நோட்டைப் பாத்துத்தான் எழுதுதுங்களாம். பி.பி. பாத்துப் பழகுறதுக்கு என் கையைத்தான் புடிச்சாங்க. பாத்துட்டு, "எல்லாம் சரியா இருக்கு. வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி"ன்னாங்க.

அந்த வெள்ளிக்கிழமை மூணு மணிக்குத் திரும்பி வந்து கடையைத் தொறந்தோம். என் சீட்டுல உக்காந்தேன். ஸ்க்ரீன்ல ஒரு புது ஃபாரம் இருந்துச்சு. பேர் இருக்கிற எடத்துல அருமைராஜ்னு அடிச்சிருந்துச்சு. அக்கா எப்ப அடிச்சாங்கன்னு தெரியல. பதிமூணு கேள்வி வரைக்கும் முடிச்சிருந்தாங்க. பதினாலு காலியா இருந்துச்சு.

நான் பாக்காத மாதிரி வாசல் பக்கம் திரும்பினேன்.

"அக்கா, அடுத்த டோக்கனைக் கூப்பிடவா?"

"அடுத்த டோக்கன் நீதான்"னாங்க.

என்னடா, சிரிப்பு வரலையா? சரி, இதையும் கேட்டுக்கங்க. சர்வர் மேல ஒரு தப்பும் இல்ல. அன்னைக்கு வேலுத்தாயக்கா குனிஞ்சு சொன்னது 'ஆமா தம்பி'ன்னுதான். எனக்கு நல்லாவே கேட்டுச்சு. 'இடைநின்றவர்'ங்கிற அந்த வார்த்தைக்கு நேரா ஆமான்னு அமுக்க எனக்குக் கை வரல. இல்லைன்னு அமுக்கினது நான்தான்.