மன்னர் திரையை விலக்கிய மதியம்

ரேஷன் கடையில் தராசு முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூடத் தைரியம் இல்லாதவன் நான். ஆப்பிரிக்காவை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. அப்படிப்பட்டவன் அங்கிருந்த ஒரு தங்க ராஜ்யத்தின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். நாடும் ஆட்களும் என் கற்பனைதான். பிடிக்காவிட்டால் என் தலையில் குட்டுங்கள்.

அந்த நாட்டு மன்னர் பெயர் தகுரா. ஆற்று மணலை அலசினால் தங்கம் கிடைக்கும் நாடு அது. அலசுகிறவர்கள் பெண்கள். விடிந்தால் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பார்கள். கிடைத்ததைப் பொக்கிஷ அதிகாரி மடோடாவின் வீட்டில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு எடை போடுவார். பிறகு வெளியே வந்து, மன்னருக்கு இவ்வளவு, உங்களுக்கு இவ்வளவு என்பார். உள்ளே என்ன நடந்தது என்று பெண்களுக்கும் தெரியாது, மன்னருக்கும் தெரியாது. எடை போடுவது புனிதமான காரியம், யார் கண்ணும் படக்கூடாது என்று மடோடா சொல்லிவிட்டார். அவர் வீடு மட்டும் வருஷா வருஷம் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

அரசவையில் ஃபராய் என்று ஒருவர் இருந்தார். மன்னரைச் சிரிக்க வைப்பது அவர் வேலை. ஆனால் அவர் அதிகம் செய்தது சாப்பிடுவதுதான். அதை அவரே ஒப்புக்கொள்வார். "என் மூளை வயிற்றில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது" என்பார்.

ஒருநாள் மடோடா சபையில் எழுந்தார். தங்கம் குறைந்துகொண்டே வருகிறது, ஆற்றுப் பெண்கள் திருடுகிறார்கள், ஊரைவிட்டே விரட்டிவிட்டு வேறு ஆட்களை வைக்கலாம் என்றார். மன்னர் நம்பிவிட்டார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஊரைக் காலி செய்ய உத்தரவு போட்டார்.

சேதி கேட்டு, ஆற்றுப் பெண்களின் தலைவி சிப்போ சபைக்கு வந்தாள். அழவில்லை, கெஞ்சவும் இல்லை.

"போன வெள்ளத்தில் என் மகளை அந்த ஆறுதான் கொண்டுபோனது. அப்படியும் மறுநாள் அதே தண்ணீரில் இறங்கி உங்களுக்குத் தங்கம் எடுத்தேன். எங்கள் கண் முன்னால் ஒரு தடவை எடை போடுங்கள் அரசே. அதற்குப் பிறகு எங்களைத் திருடிகள் என்று சொல்லுங்கள்."

வழக்கத்தை மீறினால் ஆறு வற்றிவிடும் என்று மடோடா பயமுறுத்தினார். மன்னர் தயங்கினார்; உத்தரவை மாற்றவில்லை. சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஃபராயும்தான். சாப்பாட்டைத் தவிர வேறு எதற்கும் வாயைத் திறப்பது ஆபத்து என்பது அவர் கொள்கை.

திரும்பிப் போகும்போது சிப்போ அவர் முன்னால் நின்றாள். "இந்தச் சபையில் பெரிய அறிவாளி என்று சொல்கிறார்களே, அது நீங்கள்தானா?"

"அது வெறும் வதந்தி அம்மா" என்றார் ஃபராய்.

அவள் போய்விட்டாள். அன்று ஃபராய்க்குச் சோறு இறங்கவில்லை. அரண்மனைச் சமையல்காரர் பயந்துபோய் வைத்தியருக்கு ஆள் அனுப்பினார்.

அந்த நாட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. மன்னர் சாப்பிடுவதை யாரும் பார்க்கக்கூடாது. பார்த்தால் தலை போய்விடும். மன்னர் நாணல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். பரிமாறுகிறவர் வெளியே இருந்து, திரைக்கு அடியில் தட்டைத் தள்ளுவார். மறுநாள் மதியம் அந்த வேலையை ஃபராய் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முழு ஆடு ஒன்று நெருப்பில் வாட்டப்பட்டிருந்தது. வாசனை திரையைத் தாண்டிப் போனது. மன்னர் நாக்கில் எச்சில் ஊறக் காத்திருந்தார். தட்டு உள்ளே வந்தது. அதில் ஓர் எலும்பும், ஒரு விரல் அளவு கேழ்வரகுக் களியும் இருந்தன.

"ஃபராய், ஆடு எங்கே?"

"இதுதான் அரசே ஆடு. இப்போதெல்லாம் ஆடுகள் ரொம்ப இளைத்துவிட்டன."

"வாசனை அப்படிச் சொல்லவில்லையே?"

"அப்படியானால் மேய்த்தவர்கள் திருடியிருப்பார்கள். அவர்களை ஊரைவிட்டே விரட்டிவிடலாம்."

"நீ எதையோ மெல்லுகிற சத்தம் கேட்கிறது."

"பங்கு பிரிப்பது புனிதமான காரியம் அரசே. யார் கண்ணும் படக்கூடாது."

மன்னருக்குப் பசி ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். எழுந்து திரையை ஒரே இழுப்பில் விலக்கினார். வெளியே ஃபராய் முழங்கை வரை நெய் வழிய உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ஆட்டுத் தொடை, மடியில் இன்னொன்று.

சத்தம் கேட்டு ஓடிவந்த மடோடா கத்தினார். "வழக்கம் கெட்டுவிட்டது! மன்னர் சாப்பிடுவதை இவன் பார்த்துவிட்டான். இவன் தலையை எடுங்கள்!"

ஃபராய் நிதானமாக விரலை நக்கினார். "மன்னர் எங்கே சாப்பிட்டார்? சாப்பிடும்படி நான்தான் ஒன்றும் வைக்கவில்லையே."

மன்னருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஃபராய் சிரிக்கவில்லை. நெய்க் கையோடு மண்டியிட்டார்.

"ஓர் ஆட்டுக்காகத் திரையை விலக்கினீர்கள் அரசே. நான் பெருந்தீனிக்காரன், கோழை. நேற்று பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் தராசு உள்ளேயும் தங்கம் எடுத்தவள் வெளியேயும் இருந்தால், என்னைவிட நல்லவனுக்கும் கை நீளும். அந்தக் கதவையும் திறந்துவிடுங்கள்."

மன்னர் தட்டிலிருந்த எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு தராசைச் சந்தை மரத்தடிக்குக் கொண்டுவரச் சொன்னார். கடைசி நாள் என்றாலும் பெண்கள் அன்று காலை அலசியிருந்த தங்கத்தை ஊரே பார்க்க எடை போட்டார்கள். மடோடா தினமும் காட்டியதைப் போல இரண்டு மடங்கு இருந்தது. சிப்போ தராசையே பார்த்தபடி அப்போதுதான் அழுதாள். உத்தரவு ரத்தானது. இனி எடையும் பங்கும் மரத்தடியில்தான், யாருக்கு எவ்வளவு என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்று மன்னர் ஆணையிட்டார். மடோடாவுக்கும் வேலை போகவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் மணல் அலசுகிற வேலை கிடைத்தது.

"உனக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று மன்னர் கேட்டார்.

"இன்னொரு முழு ஆடு அரசே" என்றார் ஃபராய், யோசிக்காமல்.

ஆடு வந்தது. ஃபராய் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிப்போ எழுந்து நின்றாள். "இதையும் மரத்தடியிலேயே பங்கு போடலாமே" என்றாள். ஊரே ஆமாம் என்றது. மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எல்லாருக்கும் சமமாகப் பிரித்தார்கள். யாருக்கு எவ்வளவு என்று உரக்கச் சொன்னார்கள். ஃபராய் பங்குக்கு ஒரு விலா எலும்பு வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நியாயம் கேட்டது நான்தான் அரசே, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் கேட்டது தங்கத்துக்கு மட்டும்தானே?"