மூலையில் ஒரு கறை

தாசில்தார் வேலையில் இருந்தவரைக்கும் வைரப்பெருமாள் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. ஊர்தான் அவருக்காக வராந்தாவில் காத்துக் கிடந்தது. ரிட்டையரான பிறகு, பாவம், ஒரு கொம்பன் ஆந்தைக்காக முப்பத்தெட்டு நாளாகக் கைவிட்ட கல்குவாரியில் குந்தியிருந்தார்.

படமெடுக்கச் சொல்லிக்கொடுத்தவள் செலின். அவர் மகளைவிட நாலு வயது சின்னவள். பேச்சில் மகா கஞ்சம்.

பாறை இடுக்கில் மூன்று வெள்ளை முட்டைகளை முதலில் பார்த்தவரே அவர்தான். பேரப்பிள்ளை பிறந்த மாதிரி செலினுக்குப் போன் போட்டார். அன்றிலிருந்து தாய் ஆந்தை பகலெல்லாம் அசையாமல் அடைகாத்தது.

"உட்கார்ந்திருக்கிற படம் நூறு இருக்கு மேடம். பறக்கிறதை எப்ப எடுக்கிறது?"

"அது பறக்கும்போது எடுங்க சார்."

"எப்ப பறக்கும்?"

"அதுக்குத் தோணும்போது."

இதெல்லாம் ஒரு பதிலா என்று அவருக்குக் கடுப்பாக வந்தது. புகைப்படப் போட்டி ஒன்றுக்குப் படம் அனுப்ப மறுநாளே கடைசி. "இந்த வயசுல கேமரா எதுக்கு?" என்று சிரித்த சம்பந்தி முன்னால் ஒரு தடவையாவது நிமிர்ந்து நிற்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் தனியாகப் போனார். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினார். கையை இரண்டு தட்டுத் தட்டினார். ஆபீசில் பியூனைக் கூப்பிடுகிற அதே தட்டு.

ஆந்தை விருட்டென்று எழுந்தது. ஒரு வட்டம் போட்டது. பிறகு நகத்தை நீட்டிக்கொண்டு பாறையை நோக்கிப் பாய்ந்து வந்தது. அடேயப்பா, அந்தக் கண்! விரலை எடுக்காமல் அழுத்தினார். படம் விழுந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் செலின் வீட்டுக்கு வண்டியை விட்டார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"எப்படிப் பறந்துச்சு?"

"லேசா கையைத் தட்டினேன்."

செலின் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் போட்டாள்.

"இன்னைக்கே அனுப்பணும் மேடம். மூலையில மட்டும் கறுப்பா ஒரு கறை விழுந்திருக்கு. லென்ஸ்ல தூசியா இருக்கும். அதை எப்படி எடுக்கிறது?"

அவள் அந்த மூலையைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

காகம். பாறை இடுக்கில், வெள்ளை முட்டையின் மேல் அலகை ஓங்கியபடி.

வைரப்பெருமாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "மூணு முட்டை மேடம்..." என்றார். திரையைப் பார்க்கவே முடியவில்லை.

"ஐயோ, அந்தக் கறையை எடுத்திடுங்க மேடம்."

செலின் அவர் பக்கம் திரும்பினாள்.

"எங்கேயிருந்து எடுக்கணும் சார்? படத்திலிருந்தா?"