புத்தகத்தில் இல்லாத சலவைக்காரி

பிரான்சில் லியோன் என்றொரு நகரம். பட்டு நெய்து பிழைக்கிற ஊர். ரயில் இன்னும் பரவாத அந்தக் காலத்தில் லெயோனார் பெரூஸ் என்பவர் அங்கே இருந்தார். பட்டு மண்டியில் குமாஸ்தாவாக இருந்தவர். நெய்கிறவன் ஏன் கந்தல் உடுத்துகிறான் என்று கேட்கத் தொடங்கி, வேலையை விட்டுவிட்டார்.

இருபது வருஷமாக அவர் ஒரே புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தார். முந்நூறு குடும்பங்கள் சேர்ந்து வாழப்போகும் ஒரு புதிய ஊரைப் பற்றியது. அங்கே முதலாளி கிடையாது. அவரவர் தமக்குப் பிடித்த வேலையைச் செய்வார்கள்.

அவருடைய சீடன் எமே தொர்வால். பள்ளி ஆசிரியராக இருந்து, அதை உதறிவிட்டு வந்தவன். பத்து வருஷமாகக் குருவின் கிறுக்கலை நல்ல எழுத்தில் படி எடுத்தான். கல்யாணத்தைக்கூடப் புத்தகம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டான். காத்திருந்த பெண் வேறொருவரை மணந்துகொண்டாள்.

ஒருவழியாக எழுநூறு பக்கம் அச்சுக்குப் போயிற்று.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நெசவாளர்கள் வழக்கம்போல் பெரூஸின் அறையில் கூடினார்கள். எமே புத்தகத்திலிருந்து படித்துக் காட்டினான். வெளுத்த சட்டைகளைக் கொடுக்க வந்த உர்சுல் என்ற சலவைக்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கதவோரம் நின்று கேட்டாள். படித்து முடிந்ததும், ஒன்று கேட்கலாமா என்றாள்.

"உங்கள் ஊரில் ரொட்டி சுடுபவருக்கு இடம் இருக்கிறது. வாத்தியம் வாசிப்பவருக்கும் இருக்கிறது. துணி யார் துவைப்பார்கள்?"

பிடித்தவர்கள் துவைப்பார்கள் என்று எமே சொன்னான்.

"ஜனவரி மாதப் பனியில் ஆற்றங்கரையில் மண்டியிட்டா?" என்றாள் அவள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

யாரோ சிரித்தார்கள். பெரூஸ் சிரிக்கவில்லை. அவளுடைய வெடித்துப்போன கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் எமேயை அழைத்து, அச்சை நிறுத்தச் சொல்லிவிட்டு வா என்றார்.

ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தால் போதாதா என்று எமே கெஞ்சினான்.

"சேர்க்கலாம். என்ன எழுத?" என்றார் பெரூஸ்.

அன்றே அவர் சோன் ஆற்றங்கரைக்குப் போனார். அங்கே துவைக்கும் பெண்களிடம் தனக்கும் வேலை கொடுக்கச் சொன்னார். அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு இரக்கப்பட்டுக் கைக்குட்டைகளைக் கொடுத்தார்கள். ஐம்பத்தெட்டு வயதுக்காரர் பனி படிந்த கரையில் மண்டியிட்டார். மூன்றாம் நாள் விரல்கள் வெடித்தன. ஒரு வாரத்தில், எந்தக் கறைக்குச் சாம்பல் நீர், எதற்குச் சவுக்காரம் என்று தெரிந்துகொண்டார். இந்தப் பெண்களின் முழங்கால்கள் நாற்பது வயதில் போய்விடும் என்பதையும் தெரிந்துகொண்டார்.

எமே ஒரு நாளும் அந்தப் பக்கம் போகவில்லை. அச்சுக்கூடத்துக்காரர் கேலி செய்தபோது தலைகுனிந்து நின்றான். குருவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நண்பர்கள் சொன்னபோது எழுந்து வெளியே போய்விட்டான்.

வசந்தம் வருவதற்குள் கரையில் துணி துவைப்பதற்கென்று ஒரு கொட்டகை எழுந்தது. நெசவாளர்களில் இரண்டு பேர் மரவேலை தெரிந்தவர்கள். இடுப்பளவு உயரத்தில் தொட்டிகள் செய்தார்கள். உர்சுல் எங்கிருந்தோ ஒரு பெரிய கொப்பரையைக் கொண்டுவந்தாள். பதினோரு பெண்கள் முறைவைத்து நெருப்பு மூட்டினார்கள், நின்றபடியே வெந்நீரில் துவைத்தார்கள். பெரூஸ் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஆற்றங்கரைக் குளிரில் அவரைப் பிடித்த இருமல் மட்டும் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஏப்ரலில் படுத்தவர் எழவில்லை.

எமே பக்கத்திலேயே இருந்தான். கஞ்சி ஊட்டினான். முதுகைத் தாங்கிப் பிடித்தான். மனசுக்குள் வைத்திருந்ததை ஒரு மத்தியானம் கேட்டேவிட்டான்.

"ஐயா, முந்நூறு குடும்பங்களுக்கு ஊர் கட்ட நினைத்தீர்கள். கடைசியில் ஒரு கொட்டகைதான் மிஞ்சியிருக்கிறது. உங்களுக்கு வருத்தம் இல்லையா?"

பெரூஸ் அவன் கையைத் தடவிக்கொடுத்தார்.

"உனக்கு இருக்கிறது. பத்து வருஷத்தை எனக்குக் கொடுத்தாய். உன் கல்யாணத்தையும் கொடுத்தாய். அதற்கு நான் என்ன சொன்னாலும் ஈடாகாது, எமே."

எமே முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, அந்தப் புத்தகத்தை நான் முடிக்கட்டுமா என்று கேட்டான்.

"முடி. முடித்ததும் உர்சுலுக்குப் படித்துக் காட்டு. அவள் சரி என்றால் அச்சுக்குக் கொடு."

"அவள் சரி என்று சொல்லாவிட்டால்?"

பெரூஸ் கண்களை மூடியிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று எமே குனிந்தான்.

"எங்கே சரியில்லை என்று அவளிடமே கேள். கேட்டுவிட்டு, நான் ஆற்றுக்குப் போனதுபோல் நீயும் அங்கே போ."