கொடி நிழல் விழுந்த நிலம்

முன்னொரு காலத்தில், ஒரு மூட்டை மிளகுக்காக ஓராண்டு கடலில் மிதந்துவர ஆட்கள் இருந்த நாளில், மேற்குக் கரையில் ஒரு ராஜா ஆண்டார். அவருடைய முப்பாட்டன் காலம் முதல் அந்தத் துறைமுகத்துக்கு வராத தேசத்தார் இல்லை. வந்தார்கள், விற்றார்கள், வாங்கினார்கள், போனார்கள். புதிதாக வந்த வெள்ளைக்கார வணிகர்களுக்கு மட்டும் போகிற எண்ணமே இல்லை.

அவர்களுடைய கப்பல் தலைவன் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைக் காணிக்கை வைத்து, கரையில் நடும் தன் கொடியின் நிழல் விழும் இடம் போதும் என்றான். கண்ணாடியில் மீசையை ரசித்துக்கொண்டிருந்த ராஜா, அப்படியே செப்பேட்டில் பொறித்துக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் விடியலிலேயே தலைவன் கப்பலின் பாய்மரத்தையே கழற்றிவந்து கொடிமரமாக நட்டான். மாலையில் சூரியன் கடலில் இறங்க இறங்க, கொடியின் நிழல் மீன்சந்தையைக் கடந்து, மிளகுக் கிடங்குகளைக் கடந்து, கோட்டைவாசலைத் தொட்டது. தொட்ட இடமெல்லாம் தங்களுடையது என்று அவனுடைய சிப்பாய்கள் சந்தையைக் காலிசெய்யத் தொடங்கினார்கள்.

ராஜா அவசரமாகச் சபையைக் கூட்டினார். செப்பேட்டை மீறினால் வம்சத்தின் வாக்கு போகும். மீறாவிட்டால் ஊரே போகும். மந்திரி காலிங்கராயருக்கு விகடகவி உலகனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். இதுதான் சமயமென்று அவர் எழுந்தார்.

"மகாராஜா, தங்கள் வாக்கும் நிற்க வேண்டும், ஊரும் நிற்க வேண்டும். அதற்கு உலகனைவிடச் சமர்த்தர் யார்? நாளை உச்சிப்பொழுதுக்குள் முடிக்காவிட்டால் அவர் நாட்டைவிட்டுப் போகட்டும்."

ராஜாவும் தலையசைத்துவிட்டார். உலகன் கால்போன போக்கில் கரைக்கு வந்தான். கூடைகளை வாரிக்கொண்டிருந்த மீன்காரி பேச்சி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில அந்த நிழலு கடல்லதானே கெடந்துச்சு சாமி? சாயங்காலம் எங்க கடை மேல வந்து உக்காந்தா, எங்க எடம் இல்லைன்னு ஆயிருமா?"

உலகன் வயிறு குலுங்கச் சிரித்தான். "கூடையை இறக்கி வை தாயி" என்றான்.

மறுநாள் விடிந்ததும் ஐம்பது சுமைகாரர்களோடு கொடிமரத்தடியில் நின்றான். கிழக்கே சூரியன் எழ, நிழல் மணலைத் தாண்டி அலைகளின் மேல் நீண்டு கிடந்தது. ராஜாவும் சபையாரும் பார்த்துக்கொண்டிருக்க, சுமைகாரர்கள் வணிகர்களின் பெட்டி, பீப்பாய், மெத்தை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கடலுக்குள் நடந்தார்கள்.

தலைவன் பதறி ஓடிவந்தான். உலகன் கைகூப்பினான்.

"ஐயா, செப்பேட்டின்படி தங்கள் நிலம் இப்போது அங்கே இருக்கிறது. தங்கள் உடைமைகளைத் தங்கள் நிலத்தில் சேர்ப்பது எங்கள் கடமை. மாலையில் சந்தைக்குத் தூக்கி வருவோம். நாளைக் காலையில் மறுபடியும் கடலுக்கு."

அதற்குள் மெத்தை மிதக்கத் தொடங்கியிருந்தது.

உச்சிக்கு வெகுமுன்பே தலைவன் செப்பேட்டைத் தானாகத் திருப்பிக் கொடுத்து, மற்ற தேசத்தாரைப் போலச் சுங்கம் கட்டி வணிகம் செய்வதாக ஒப்புக்கொண்டான். ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிக் காதில் நின்றது. தன் முத்துமாலையைக் கழற்றி உலகனுக்குப் போட்டார். உலகன் அதைக் கொண்டுபோய்ப் பேச்சியின் கூடையில் போட்டான்.

அன்று சந்தைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பேச்சி ஒரு மீன் கூடுதலாகக் கொடுத்தாள். காலிங்கராயர் வீட்டுக்கும்தான்.