பீளையும் நயன தீட்சையும்

அன்று ஆவுடையப்பனுக்கு நயன தீட்சை. குரு சீடனின் கண்ணுக்குள் பார்த்து அருள்வது. பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தன்னைவிட வயதில் இளைய சங்குமுத்துச் சாமியின் மடத்தில் வந்து விழுந்து கிடந்ததே அந்த ஒரு பார்வைக்காகத்தான்.

விடிந்தது. கண் திறக்கவில்லை. இமைகள் பசை தடவினாற்போல ஒட்டிக் கிடந்தன. சுவரைத் தடவிக்கொண்டே கூடத்துக்கு வந்தவர், தூணில் முட்டிக்கொண்டுதான் நின்றார்.

"சாமி, என் தலையெழுத்தைப் பாத்தியளா! இன்னைக்குப் போயி கண்ணு தொறக்க மாட்டேங்குதே. எந்த ஜென்மத்துப் பாவமோ!"

"நேத்து சாயங்காலத்துப் பாவம். உக்காரும்."

சாமி சோப்புப் போட்டுக் கைகழுவினார். காய்ச்சிய நீர் வெதுவெதுப்பாக ஆறியிருந்தது. அதில் பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தார். மறு கண்ணுக்கு வேறு பஞ்சு எடுத்தார். இமைகள் மெல்லப் பிரிந்தன.

"நேத்து எதையெல்லாம் வேய் கண்ணுல ஒத்திக்கிட்டீரு?"

ஆவுடையப்பன் பெருமையாகவே ஒப்பித்தார். பக்தியில் கஞ்சத்தனம் தெரியாத மனிதர்.

"சன்னதி வாசப்படி. பசுமாட்டு வாலு. ஒங்க பாதத்தூளி. அப்புறம் கொடியில கெடந்த ஒங்க துண்டு."

"துண்டுமா?"

"ரெண்டு கண்ணுலயும், சாமி."

"அது என் துண்டு இல்ல வேய். அடுப்பு தொடைக்கிறது."

ஆவுடையப்பன் மெல்லக் கேட்டார்.

"பீளை தெனமும் காலைல கொஞ்சம் வருதே. அதுவும் பாவந்தானா?"

"பகல்ல இமை கொட்டிக் கொட்டிக் கண்ணைக் கூட்டிப் பெருக்குது. தூங்கையில அதுக்கு லீவு. கண்ணீரும் தூசியும் ஓரத்துல காய்ஞ்சு நிக்கும். எல்லாருக்கும் உள்ளதுதான், எனக்கும் உண்டு. இப்படிச் செவந்து, மஞ்சளா ஒட்டிக்கிட்டா ஆஸ்பத்திரிக்குப் போகணும். கெளம்பும்."

ஆவுடையப்பனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திறந்த கண் இரண்டிலும் தாரை தாரையாக வழிந்தது.

"அப்ப என் தீட்சை? நல்ல நேரம் போயிருமே, சாமி! ஒங்க ஒரு பார்வைக்குத்தானே இத்தனை நாளும் காத்துக் கெடந்தேன்!"

சாமி பஞ்சைக் குப்பையில் போட்டார். மறுபடியும் கைகழுவிக்கொண்டு திரும்பினார்.

"இவ்வளவு நேரமும் நான் என்னத்தை வேய் பார்த்துக்கிட்டு இருந்தேன்?"