ஐந்தாவது படிவம்

"பாஸ் ஆயிட்டா அப்புறம் நான் யாரு மேடம்?"

சிவநேசன் இப்படிக் கேட்டதும் அஞ்சுகம் மேடம் பேனாவை மூடி வைத்தார். அவனுக்கு அந்தப் பாடத்தை நடத்தியவரே அவர்தான். கல்லூரியின் தேர்வுப் பிரிவும் அவர் பொறுப்பில்தான்.

வகுப்பு முடிந்து இரண்டரை வருஷம். ஒரே ஒரு பேப்பர் அரியர். நாலு தடவை எழுதி நாலும் போச்சு. ஐந்தாவது தடவைக்குப் படிவம் கொண்டுவந்திருந்தான்.

"இன்னும் கொஞ்ச நாள் இருந்தீன்னா இந்தக் கட்டடத்துக்கே உன் பேரை வச்சிருவாங்கடா" என்று வாசலில் பியூன் சிரித்தது இன்னும் காதில் கிடந்தது.

"போன தடவை ஹால்ல நான்தான் நின்னேன். எல்லாமே சரியா எழுதியிருந்த. மணி அடிக்கிற நேரத்துல குறுக்கே கோடு போட்டு அடிச்சுட்டே. ஏன்?"



"வேலைவாய்ப்பு முகாமுக்கு ஒரு தடவை போனேன் மேடம். முந்நூறு பேரு வரிசை. எல்லார் கையிலயும் ஒரே மாதிரி ஃபைல். 'உன்னைப் பத்திச் சொல்லு'ன்னாங்க. சொல்ல ஒண்ணுமே இல்ல."

"அதுக்கு?"

"அரியர் இருந்தா 'படிக்கிறேன்'னு ஒரு வார்த்தை இருக்கு. அதுக்கு மேல ஊர்ல யாரும் கேக்க மாட்டாங்க."

"அம்மா?"

"கேக்கவே மாட்டாங்க. 'நிதானமாப் படி தம்பி, நீ முடிச்ச அன்னைக்கு இந்தக் கட்டையைத் தூக்கி வீசிடறேன்'னு சொல்வாங்க."

முந்திரிக்கொட்டை உடைக்கும் கட்டை அது. வகுப்பு முடிந்தும் படிப்பு முடியாமல் இழுத்ததே, அப்போதுதான் அம்மா ஆலைக்குப் போக ஆரம்பித்தாள். கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பாள்.

"ரேஷனுக்கு யாருப்பா போறது?"

"நான்தான் மேடம். அம்மா விரலை அந்த மெஷின் எடுக்கறதில்ல. ஓட்டை மெஷின்."

மேடம் எழுந்து பீரோவைத் திறந்தார். அவனுடைய பழைய படிவங்கள் நாலையும் எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினார். ஐந்தாவதாக, அவன் கொண்டுவந்ததை வைத்தார்.

ஒவ்வொன்றின் அடியிலும் 'பெற்றோர் சம்மதம்'. கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாவின் இடது பெருவிரல்.

முதலாவதில் சுழி சுழியாய், கோலம் போட்ட மாதிரி ரேகை. இரண்டாவதில் ஓரங்கள் அழிந்திருந்தன. மூன்றாவதில் நடுவே நாலைந்து கோடுகள். நான்காவதில் கோட்டைத் தேட அவன் குனிய வேண்டியிருந்தது.

ஐந்தாவது, இன்று காலையில் அவனே விரலைப் பிடித்து அழுத்தியது. வெறும் நீலப் பொட்டு.

"மை... மை சரியில்ல மேடம்."

"மை நல்ல மைதான்."

அவர் இழுப்பறையிலிருந்து எழுதாத படிவம் ஒன்றை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினார்.

"ஆறாவதையும் இப்பவே வாங்கிட்டுப் போறியா?"