பூவலிங்கம் வீட்டு இங்கிலீஷ்

எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கம்பெடுத்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள், அதுவும் வேறு யார் வீட்டுக்கோ.

அந்த ஊர்ப் பூவலிங்கத்துக்கு ஒரே மகள், செண்பகவடிவு. நல்ல இடம் ஒன்று வந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: பெண் வீட்டார் இங்கிலீஷ் பேச வேண்டும். அடேயப்பா, என்ன பெருமை! இந்த இடமும் தட்டிப்போய்விடுமோ என்று பூவலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. மச்சினன்மார் சுடலையையும் வைகுண்டத்தையும் இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு எபனேசர் மாஸ்டரிடம் ஓடினார்.

மாஸ்டரின் அகராதியில் கரையான் தின்றது போகப் பின்பாதிதான் மிச்சம். "நாஸ்டின்னா குமட்டுறது, அருவருப்பானது. இப்போதைக்கு இது போதும்வே. ஆனா பொருந்துற இடத்திலேதான் சொல்லணும். இல்லேன்னா மானம் போயிரும்" என்றார்.

பெண் பார்க்கும் நாள் வந்தது. வீட்டைக் கழுவிப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். அதுதான் சிக்கல்.

"அத்தான், குமட்டுறாப்ல ஒண்ணுமே இல்லையே. வார்த்தையை எங்கே சொல்ல?" என்றான் சுடலை.

"சாணி இருக்குல்லா?"

"அது லட்சுமியாச்சே!"

"செத்த எலி?" என்றான் வைகுண்டம்.

"பூனைக்கு அது விருந்துல்லா? பொதுவா எல்லாருக்கும் குமட்டணும்டே" என்றார் பூவலிங்கம்.

கடைசியில் பாயசத்தில் ஒரு படி விளக்கெண்ணெயை ஊற்றினார்கள். மகளுக்காக எதையும் செய்வார் பூவலிங்கம்.

மாப்பிள்ளையின் அப்பா ஒரு மடக்குக் குடித்தார். குடித்ததெல்லாம் சட்டையில் வந்தது. "நாஸ்டி!" என்று அலறினார்.

"அடடா, முந்திக்கிட்டாரே!" என்று பூவலிங்கம் பதறினார். மூவரும் எழுந்து அவர் சட்டையைச் சுட்டிக்காட்டி ஒரே குரலில், "நாஸ்டி! நாஸ்டி!" என்றார்கள். செண்பகவடிவு தலையில் அடித்துக்கொண்டாள். சம்பந்திக் கூட்டம் விறுவிறுவென்று காரில் போய் ஏறியது.

"ஐயோ, எம்மவ வாழ்க்கை போச்சே! மாஸ்டர்கிட்ட வேற வார்த்தை கேளுடே!" என்று பூவலிங்கம் கதறினார்.

வைகுண்டம் ஓடிப்போய் மூச்சிரைக்கத் திரும்பினான். "ஸாரின்னு சொல்லணுமாம். தப்புப் பண்ணினவங்க சொல்லுறதாம்."

"நாம என்ன தப்புப் பண்ணினோம்?"

மூவரும் யோசித்தார்கள். எவ்வளவு யோசித்தும் ஒரு தப்பும் அகப்படவில்லை. அதற்குள் கார் உறுமியது. இனித் தாமதித்தால் மகள் கதி என்னாவது?

பூவலிங்கம் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கார்க் கண்ணாடியில் ஓங்கிப் போட்டார். கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு துண்டை இடுப்பில் கட்டி, கைகூப்பி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"ஸாரி!"